கொசுறுக் கரண்டி

சாப்பிடுகிறவன் ‘போதும்’ என்றதும் குத்தாலிங்கத்தின் கரண்டி தட்டை விட்டு மேலே எழும்பும். சரி, விட்டுவிட்டார் என்று பையன் நினைத்துக்கொள்வான். சோற்று வாளியை இடது இடுப்போடு அணைத்துக்கொண்டு அவர் அடுத்த தட்டை நோக்கி ஓரடி எடுத்தும் வைத்திருப்பார். முகம் அடுத்தவனைப் பார்த்திருக்கும். அந்த நேரத்தில் வலது மணிக்கட்டு மட்டும் தனியாகப் பின்னால் திரும்பி, விட்டுவந்த தட்டில் இன்னும் அரைக் கரண்டிச் சோற்றை இறக்கும். அவர் பார்ப்பதில்லை. குழம்பு தெறிக்காது, ஒரு பருக்கை பெஞ்சில் சிந்தாது. தட்டைக் கையால் மூடியிருந்தவனுக்கு விரல் ஓரமாக விழும். காய்கறிக்காரி கடைசியில் போடுகிற கறிவேப்பிலை மாதிரி இருந்ததால் பையன்கள் அதற்குக் ‘கொசுறு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதைப் போடுகிறோம் என்கிற நினைப்பே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. “போதும்னு சொன்ன பெறவும் ஏன் அண்ணாச்சி போடுதீய?” என்று புதிதாகச் சேர்ந்த பையன் யாராவது கேட்டால், “போட்டேனா?” என்று அவரே திரும்பி வந்து தட்டை எட்டிப் பார்ப்பார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்த ஒரு கல்லூரியின் ஆண்கள் விடுதி அது. மெஸ்ஸில் இரண்டு நீள வரிசை. கிழக்கு வரிசைக்குச் சோறு போடுகிறவர் குத்தாலிங்கம், மேற்கு வரிசைக்குப் பேச்சிமுத்து. அடுப்படியில் நமசிவாயம். அவரைத் தவசிப்பிள்ளை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சமையல்காரர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

குத்தாலிங்கத்துக்கு ஊர் மேலகரம். விடுதிக்கு வருமுன் குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் திறக்கிற சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறிக்கொண்டிருந்தார். சாரலில் நனைந்து, அருவியில் நெடுநேரம் நின்று, உதடு வெளுத்து, தலையில் எண்ணெய் வாசனை போகாமல் வந்து உட்காருகிற ஆட்கள். முதல் கரண்டி விழுந்ததும் ‘போதும் போதும்’ என்பார்கள். பக்கத்தில் மச்சான் இருப்பான், சம்பந்தி இருப்பார், புதுப் பெண்டாட்டி இருப்பாள். வாய் ஒன்று சொல்லும், தட்டு வேறொன்று கேட்கும். அங்கே படிந்த பழக்கம்தான் மணிக்கட்டில் ஏறியிருக்கவேண்டும். வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் வேலை இருந்தவருக்கு விடுதியில் பன்னிரண்டு மாதமும் கரண்டி கிடைத்தது. சந்தோஷமாக வந்து சேர்ந்தார். பிள்ளை இல்லை. மனைவி சங்கரம்மாள் உண்டு. வேறெதிலும் அவருக்குப் பெரிய ஆசை இருந்ததாகச் சொல்ல முடியாது. வாளியும் கரண்டியும் கையில் இருந்தால் ஆள் நிமிர்ந்து நடப்பார். கீழே வைத்துவிட்டால் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் போய்விடுவார்.

எண்பத்திரண்டில் ஐப்பசி மழை பேருக்குத் தூறிவிட்டுப் போனது. பொங்கல் விடுமுறை முடிந்து பையன்கள் திரும்பியபோது விடுதிக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. சாலையில் பெண்கள் குடத்தோடு வரிசை வரிசையாகப் போனார்கள். அரிசி விலை ஏறியது. அந்தச் சமயத்தில்தான் விடுதிக்குப் புது வார்டனாக ராமசேஷன் வந்தார். தாவரவியல் ஆசிரியர். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர். வந்த வாரமே கை கழுவுகிற தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டார். காய்கறித் தோலுக்கும் சாம்பலுக்கும் குழி வெட்டச் சொன்னார். சாண எரிவாயுவுக்குத் தொட்டி கட்டவேண்டும் என்று கயிறு பிடித்து இடம் அளந்தார். அதெல்லாம் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அதற்கடுத்து அவர் கண் எச்சில் டிரம் மேல் விழுந்தது.

மெஸ் ஆட்கள் எல்லோரையும் டிரம்மைச் சுற்றி நிற்கவைத்தார்.

“பாருங்கோ. நன்னா குனிஞ்சு பாருங்கோ.”

குனிந்து பார்த்தார்கள். சோறு. சாம்பாரில் ஊறி, மஞ்சளாக, டிரம்மின் கழுத்துவரைக்கும்.

“இது எங்க போறது?”

“இலத்தூர்ல இருந்து ஒருத்தரு வண்டி கட்டிட்டு வருவாரு சார், எருமைக்கு” என்றார் நமசிவாயம்.

“எருமைக்குப் போடறதுக்கா அரிசி வாங்கி, விறகு எரிச்சு, இல்லாத தண்ணியில உலை வைக்கறோம்? ரோட்டுல பொம்மனாட்டிகள் ஒரு குடம் தண்ணிக்கு எத்தனை தூரம் நடக்கறா, பாக்கறேளோ இல்லையோ?”

அவர் குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மறுநாள் வரிசைக்கு ஒன்றாக இரண்டு டிரம் வந்தன. மூட்டை நிறுக்கிற தராசு வந்தது. மெஸ் வாசலில் ஒரு கரும்பலகை. கிழக்கு, மேற்கு என்று இரண்டு கட்டம். ஒவ்வொரு நாளும் மிச்சம் எவ்வளவு என்று எழுதுவார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: பையன் முதல் தடவை ‘போதும்’ என்றதும் கரண்டி நிற்கவேண்டும். பங்குனி முடிய எந்த வரிசை டிரம் கனக்கிறதோ அந்த வரிசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போகவேண்டும்.

முதல் நாளே கிழக்குக் கட்டத்தில் இருந்த எண் மேற்கைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. பேச்சிமுத்து ஆளுக்கு அளவாகத் தட்டிவிட்டுத் தபால்காரர் மாதிரி போய்க்கொண்டே இருப்பவர். அவருக்குக் கொசுறும் கிடையாது, தயவும் கிடையாது.

அடுப்படியில் போய் குத்தாலிங்கம் கேட்டார்.

“அண்ணாச்சி, போதும்னா நிறுத்திரணுமாம்.”

“சரிதானே வே. போதும்னா நிறுத்த வேண்டியதுதானே.”

“அது எப்படி? போதும்னு சொன்ன பெறவுதானே போடவே ஆரம்பிக்கணும்?”

நமசிவாயம் குழம்பைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். “வே, உமக்குக் கரண்டி வேணுமா, கோடாலி வேணுமா?”

“கரண்டிதான்.”

“அப்ப சொன்னதச் செய்யும். வார்டன் என்ன வெசத்தையா போடச் சொல்லுதாரு?”

குத்தாலிங்கம் கையைப் பழக்கினார். சுலபமாக இருக்கவில்லை. ‘போதும்’ காதில் விழுந்ததும் கரண்டியை வாளிக்குள் செருகிவிட்டு, வாளியின் விளிம்பை வலது கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் வாளியைக் கட்டிக்கொண்டு அவர் நடந்தது கைக்குழந்தையைத் தூக்கிப் போகிறவர் மாதிரி இருந்தது. பையன்கள் சிரித்தார்கள். மணிக்கட்டில் நமநமவென்று ஏதோ ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது அவருக்கு ஒன்று விளங்காமல் போயிற்று. பையன்கள் பிசைய ஆரம்பிக்காமல் காத்திருந்தார்கள். தட்டில் குழம்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக விட்டிருந்தார்கள். அந்த இடத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்கள்.

ஒரு வாரத்தில் கிழக்கு டிரம்மின் அடி தெரிந்தது. அடுத்த வாரம் அதில் கறிவேப்பிலையும் முருங்கைச் சக்கையும்தான் கிடந்தன. கரும்பலகைக்கு எதிரே நின்று ராமசேஷன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “குத்தாலிங்கம், பேஷ்!” என்று முதுகில் தட்டினார். அவர் முதுகில் யாரும் தட்டி வருஷக் கணக்காயிற்று. அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கரண்டி கையில் நிலைத்துவிட்டது.

இலத்தூர் எருமைக்காரர்தான் முதலில் முனகினார். காலி டிரம்மைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, பயலுவ எல்லாரும் திடீர்னு அகத்தியரு ஆயிட்டானுவளா? ஒரு பருக்கை விடாம முழுங்கிருதானுவ?” என்றார். “வீட்டுல எருமை என்னைய மொறைச்சுப் பாக்கு.”

குத்தாலிங்கமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். முழுவதும் தின்கிறார்கள். சரி. ஆனால் தின்று முடித்தவன் முகம் அப்படியா இருக்கும்? சீசன் கடையில் எத்தனை முகம் பார்த்திருக்கிறார். சோறு இறங்கியதும் கண் கொஞ்சம் தாழும், பேச்சு மெதுவாகும், எழுந்திருக்கச் சோம்பும். இவர்கள் விருட்டென்று எழுந்து போகிறார்கள். போகும்போது அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை.

அய்யாக்குட்டி என்று ஒரு பையன். சுரண்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். விடுமுறையில் வயலில் இறங்குகிற ஆள்; தோள் அகலம். அவன் முதல் கரண்டிக்கே தட்டை மூடினான்.

“வயிறு சரியில்லையா தம்பி?”

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி.”

“பெறவு?”

“போதும் அண்ணாச்சி.”

போதும் என்றால் நிறுத்தவேண்டும். நிறுத்தினார். அன்று சாயங்காலம் மேலகரத்துக்கு நடந்து போகும்போது சாலையோர வடைக் கடையில் அதே அய்யாக்குட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் மட்டுமில்லை, கிழக்கு வரிசையில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். தாளில் எண்ணெய் ஊற ஊற வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் இவரைக் கண்டதும் தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

“மெஸ்ல சாப்பிட்டுட்டுத்தானே வந்தீய?”

“ஆமா அண்ணாச்சி. சும்மா, வாய்க்கு.”

அதற்குமேல் கேட்க அவருக்கு வரவில்லை. வீடு போய்ச் சேரும்வரை யோசித்தார். போட்டால் வேண்டாம் என்கிறார்கள், வெளியே வந்து வாங்கித் தின்கிறார்கள். அப்படியானால் குறை சோற்றில் இருக்கவேண்டும். மறுநாள் அடுப்படியில் அதைச் சொல்லவும் செய்தார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. சாம்பார்ல உப்பு கொஞ்சம் ஏறிட்டோ?”

நமசிவாயம் தேங்காய்த் துருவியை விட்டு எழுந்துவிட்டார். “எந்தப் பய சொன்னான்?”

“யாரும் சொல்லல. பயலுவளுக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்கு.”

“என் சமையல்ல கொறை கண்டவன் இன்னும் பொறக்கல வே. உம்ம கையில என்னமோ ஆயிப்போச்சு. கைராசி போயிட்டுன்னா அப்படித்தான். அமுதமா இருந்தாலும் அந்தக் கையால வாங்கித் திங்க மனசு வராது.”

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார் நமசிவாயம். குத்தாலிங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். கை. அப்படித்தான் இருக்கவேண்டும். இத்தனை வருஷம் போதும் என்றவனும் தின்றான். இப்போது தின்றவனும் நிறையாமல் போகிறான். நடுவில் மாறியது கை ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்ததும் குற்றாலத்துக்கு நடந்தார். மெயினருவி நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. குளிக்க ஆளில்லை. வலது கையை முழங்கைவரை அந்த நூலுக்கு அடியில் நீட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் விட்டு விட்டு விழுந்தது. கை நனைந்ததா, சுத்தமாயிற்றா, என்ன வேண்டிக்கொள்ளவேண்டும், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு குரங்கு எதிர்ப் பாறையில் உட்கார்ந்து, இந்த ஆள் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று நெடுநேரம் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்று முடிவு செய்து போயிற்று.

கை மாறவில்லை. கரும்பலகையில் கிழக்குக் கட்டம் வெறும் சுன்னமாக நின்றது. ராமசேஷன் இன்னொரு முறை முதுகில் தட்டினார்.

மாசியில் சங்கரம்மாளின் அண்ணன் மகளுக்கு இலத்தூரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் செங்கோட்டை. பந்தி பரிமாறக் குத்தாலிங்கத்தைத் தவிர வேறு ஆளை அந்தக் குடும்பத்தில் யாரும் நினைப்பதில்லை. ‘எங்க மச்சான் கையால சோறு விழுந்தா சம்பந்தி வாயத் தொறக்க மாட்டாரு’ என்று மைத்துனர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா தலைவாழை இலை முன்னால் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, சந்தனம், தோளில் புதுத் துண்டு. குத்தாலிங்கம் முதல் கரண்டியைப் போட்டார்.

“போதும் போதும்” என்றார் பெரியப்பா, கையை இலைக்கு மேல் அழகாக ஆட்டி.

குத்தாலிங்கத்தின் இரண்டு கையும் வாளியைப் பிடித்துக்கொண்டன. அடுத்த இலைக்குப் போனார். அவரும் போதும் என்றார். நிறுத்தினார். அதற்கடுத்தவரும். நிறுத்தினார். வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பும்போது பந்தியில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் பிசையவில்லை. மாப்பிள்ளை வீட்டு வரிசை முழுவதும் இலையில் கிடந்த அந்த ஒற்றைக் கரண்டிச் சோற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

“சோத்துக்குக் கணக்குப் பாக்குத வீடுன்னு முன்னாலேயே சொல்லியிருந்தா செங்கோட்டையிலயே சாப்பிட்டுட்டு வந்திருப்போமே.”

“நீங்கதானே போதும்னீய?” என்றார் குத்தாலிங்கம். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

“ஆமா, போதும்னேன். சொல்லாம வாயப் பொளந்துட்டு இருக்கச் சொல்லுதியளா? கவனிக்க வேண்டியது யாரு வே?”

மைத்துனர் ஓடிவந்து காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, வாளியைத் தானே வாங்கிக்கொண்டு, பெரியப்பாவின் இலையில் சோற்றைக் குவித்தார். ‘ஐயோ போதும், ஐயோ போதும்’ என்று அலறிக்கொண்டே பெரியப்பா திருப்தியாக உட்கார்ந்தார். குத்தாலிங்கம் பந்தல் காலோடு ஒட்டி நின்று அதைப் பார்த்தார். அலறுகிற ஆள் சிரிக்கிறார். நிறுத்தியபோது முறைத்தவர், நிறுத்தாதபோது சிரிக்கிறார்.

திரும்பி வந்த பஸ்ஸில் சங்கரம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தென்காசி நெருங்கும்போது வாயைத் திறந்தாள்.

“எங்க அண்ணன் மூஞ்சியில கரியப் பூசிட்டீய.”

“அவரு போதும்னாரு பிள்ள.”

“எங்க ஊருல மூணு போதும் சொன்னாத்தான் ஒரு போதும். உங்களுக்குத் தெரியாததா? என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்க எத்தனை போதும் சொன்னீய? எங்கம்மா நிறுத்துனாளா? நிறுத்தியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பீயளா மாட்டீயளா?”

“போயிருப்பேன்.”

“வயிறு நெறைஞ்சா போயிருப்பீய?”

கிழக்கு வரிசைத் தட்டுகளில் காலியாகக் கிடந்த இடம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. ஆனால் வார்டன் காட்டிய டிரம்மும் நினைவுக்கு வந்தது. அந்தச் சோறும் பொய் இல்லையே. இவர் போட்ட கொசுறுதானே அதில் பாதி? யார் சொல்வது சரி என்று எவ்வளவு உருட்டிப் பார்த்தும் பிடி கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை வார்டன் அறை வாசலில் போய் நின்றார்.

“சார், போதும்னா எத்தனாவது போதும் சார்?”

ராமசேஷன் பேனாவைக் கீழே வைத்தார். “என்னது?”

“பயலுவ பசியோட எந்திரிக்கானுவ சார்.”

“யாராவது சொன்னாளா?”

“இல்ல சார். சொல்ல மாட்டானுவ.”

“குத்தாலிங்கம், வேணும்னா கேக்கட்டுமே. பகவான் வாயைக் கொடுத்திருக்காரே. கேட்டா போடாதீங்கோன்னா நான் சொன்னேன்?” என்றவர், அன்று மத்தியானமே மெஸ்ஸுக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், வீணாக்காதீர்கள். பையன்கள் தலையாட்டினார்கள். ஒருவனும் கேட்கவில்லை.

கை கழுவுகிற இடத்தில் அய்யாக்குட்டியைப் பிடித்தார் குத்தாலிங்கம். “அதான் கேக்கச் சொல்லுதாருல்லா, ஏன் தம்பி கேக்கல?”

அவன் தட்டைப் பார்த்தபடியே நின்றான். “கேட்டு வாங்கியா அண்ணாச்சி? ஊர்ல தெரிஞ்சா எங்க ஐயா வெட்டிப் போட்டுருவாரு.”

“வார்டனே சொல்லுதாரே.”

“அவரு சொல்லுவாரு. வாய் வரணுமே.”

வார்டனின் விதியை மீறக்கூடாது. மீறினால் கரண்டி போய்விடும். பையன்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்ற குத்தாலிங்கம், வேறு வழி தெரியாமல், ஒரு நாள் நின்றுவிட்டார். யோசித்துச் செய்யவில்லை. அய்யாக்குட்டி ‘போதும்’ என்று தட்டை மூடினான். கரண்டி நின்றது. ஆனால் கால் நகரவில்லை. கரண்டியில் சோறு, எதிரே சுவர். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். பையனுக்குச் சங்கடமாகிவிட்டது. ‘போங்க அண்ணாச்சி’ என்றான் மெல்ல. அவர் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டை மூடியிருந்த கை, தன்பாட்டில், தண்ணீர் டம்ளரை எடுக்கப் போகிற மாதிரி நகர்ந்தது. சோறு விழுந்தது. கை திரும்பி வந்து தட்டை மூடவில்லை. இன்னும் கொஞ்சம் விழுந்தது. அப்புறம் கை வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை எவ்வளவு நின்றாலும் அசையவில்லை.

அடுத்தவனிடமும் அப்படியே நின்று பார்த்தார். சிலர் கை நகர்ந்தது, சிலர் கை நகரவில்லை. நகராதவனுக்கு நிஜமாகவே போதும். யாரும் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. விதியும் மீறப்படவில்லை, போதும் என்றதும் கரண்டி நின்றுதானே இருந்தது? டிரம்மில் பருக்கை விழவில்லை. எழுந்து போகிறவர்களின் கண் தாழ்ந்திருந்தது. வடைக் கடைக்காரர் கூட்டம் குறைந்துபோனதைப் பற்றி அடுப்படியில் வந்து புலம்பினார்.

சில நாள் குத்தாலிங்கம் மறுபடியும் நிமிர்ந்து நடந்தார்.

ஆனால் பந்தி நகரவில்லை. மேற்கு வரிசையில் பேச்சிமுத்து ரசத்துக்குப் போயிருப்பார். கிழக்கில் பாதிப் பேருக்குச் சோறே வந்திருக்காது. அவரோ ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் சாமி ஆடி ஓய்ந்தவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசிப் பந்திக்காரர்கள் மத்தியான வகுப்புக்குப் பிந்திப் போனார்கள். ஆசிரியர்கள் முதல்வரிடம் சொன்னார்கள், முதல்வர் வார்டனிடம் சொன்னார்.

“என்ன வே, சோறு போடுதீரா, ஜாதகம் பாக்குதீரா?” என்று பேச்சிமுத்து கேட்டார். “ஒரு தட்டுக்கு இவ்வளவு நேரம் நின்னா உமக்குக் கால் வலிக்கலியா?”

“கைதான் வே மெதுவா நகருது.”

“யாரு கை?”

“அவனுவ கை.”

பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பங்குனி முதல் வாரம் ராமசேஷனே மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கிழக்கு வரிசையில் உட்கார்ந்தார். வழக்கமாக அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறவர். தாமதம் எங்கே ஆகிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தட்டுச் சத்தம் குறைந்தது. குத்தாலிங்கம் ஒவ்வொருவராகக் கடந்து அவர் முன்னால் வந்தார். முதல் கரண்டியைப் போட்டார்.

“போதும்.”

கரண்டி நின்றது. ராமசேஷனின் கை தட்டின்மேல் விரிந்து கிடந்தது. மோதிர விரலில் சுண்ணக்கட்டித் தூசி. குத்தாலிங்கம் எதிர்ச் சுவரைப் பார்த்தார். வார்டனுக்கு என்று தனியாக ஒரு வழி அவருக்குத் தெரியாது. நின்றார். நமசிவாயம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். பேச்சிமுத்துவும் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். பையன்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அது நகருமா?

“போதும்னேனே, குத்தாலிங்கம்.”

“சரி சார்.”

நின்றார்.

“எத்தனை நாழி நிப்பீர்?”

கை நகரும்வரை, அல்லது நகராது என்று தெரியும்வரை. அதை எப்படிச் சொல்வது? குத்தாலிங்கம் கண்ணை இறக்கிக் கையைப் பார்த்தார். கை நகரவில்லை. அப்படியானால் நிஜமாகவே போதும்தான். அடுத்த தட்டுக்குப் போனார். ராமசேஷன் சீக்கிரமே சாப்பிட்டு எழுந்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, வெயிலில் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை கிழக்கு வரிசை வாளியும் பேச்சிமுத்துவிடம் போயிற்று. குத்தாலிங்கத்துக்கு விறகுக் கொட்டகை.

“டிரம்தான் காலியா இருக்கே அண்ணாச்சி” என்றார் நமசிவாயத்திடம். புகாராகச் சொல்லவில்லை. எங்கோ ஒரு படியைத் தவறவிட்டுவிட்ட மாதிரி, அதைத் திரும்பத் தேடுகிற குரலில் சொன்னார். “டிரம் கனத்தாத்தானே கோடாலி? கனக்கலியே?”

“பந்தி நகரல வே.”

“பந்தி நகரணும்னு அன்னைக்குச் சொல்லலியே.”

நமசிவாயம் ஒரு டம்ளர் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினார். குத்தாலிங்கம் போதும் என்றார். நமசிவாயம் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

விறகுக் கொட்டகையில் அவர் ஒன்பது வருஷம் இருந்தார். நன்றாகப் பிளந்தார் என்றுதான் சொல்லவேண்டும். கல்யாண வீடுகளுக்கு அவரைப் பரிமாறக் கூப்பிடுவதை இலத்தூர்க்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மெஸ்ஸில் டிரம் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி நிரம்பியது. பேச்சிமுத்து கேட்பதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை, எல்லோருக்கும் ஒரே அளவு. எருமைக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கரும்பலகையில் யாரோ கிரிக்கெட் ஸ்கோர் எழுதத் தொடங்கினார்கள். பையன்கள் சிலர் விறகுக் கொட்டகைப் பக்கம் போகும்போது, ‘என்ன அண்ணாச்சி, கொசுறு உண்டா?’ என்று கேட்பார்கள். அவர் சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்த்துக் கேட்பார்கள். அவர் கோடாலியைத் தரையில் ஊன்றி, தன்னிடம் எதைக் கேட்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருப்பார்.

ராமசேஷன் ஓய்வுபெற்றுச் செங்கோட்டையில் குடியேறிய பிறகு, அவர் மனைவி சாவித்ரி சொல்லித்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அவர் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, அடுப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மறுபடியும் சாதம் போடச் சொன்னாராம். அவள் போடப் போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாராம். ‘அங்கே சாப்பிடலையா?’ என்று கேட்டதற்கு, ‘கையை எடுத்திருப்பேன் சாவித்ரி, ஆனா அத்தனை பசங்களும் பாத்துண்டிருந்தாளே’ என்றாராம்.